சொல்லாமல் விட்ட தொய்வு

நோயாளிக்கு ஏற்ற மருந்தைத் தெரிவு செய்பவர் மருத்துவரே என்பது பொதுவான எண்ணம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது என் பெரியம்மாவின் மூச்சு.

பெரியம்மாவுக்குச் சிறுவயதிலேயே தொய்வு இருந்தது. மாரிகாலத்து இரவுகளில் தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் சாய்ந்தபடியே அவர் விடியும்வரை விழித்திருப்பார் என்று அம்மம்மா கூறக் கேட்டிருக்கிறேன். ஆயினும் அந்நோயின் பெயரை எங்கள் வீட்டில் எவரும் உரத்துச் சொன்னதில்லை. திருமணப் பேச்சு நடந்த காலத்தில் அது மறைக்கப்பட்டது. மணமான பின்னர் மறைப்பே வழக்கமாயிற்று. ‘தடிமன்’, ‘சளிக்குணம்’ என்னும் சொற்களே வழங்கின. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, புகைபோக்கி இல்லாத அடுப்படியில், தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் எரித்து அவர் சமைத்தார்.

அறுபதைக் கடந்தபின் சிறிது தூரம் நடந்தாலும் இளைப்பு வந்தது. இருமல் மாறவேயில்லை. மருத்துவமனையில் மூச்சை அளந்து பார்த்து, புகையினால் விளையும் நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்றனர். புகைபிடித்தறியாத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் இந்நோய் வருவதுண்டு. “சின்ன வயசிலை தொய்வு இருந்ததோ, அம்மா?” என மருத்துவர் வினவினார். பெரியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “இல்லை, டொக்டர்” என்றார். அருகில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தின் பொருளைப் பின்னரே படித்தறிந்தேன். தொய்வில் சுவாசக் குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகிறது. குழாய் சுருங்குவதும் மீள்வதுமாக இருக்கும். புகையால் வரும் நோயிலோ சுருக்கம் நிலைத்துவிடுகிறது. முன்னதற்கு அடிப்படையான மருந்து, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டை உள்ளிழுத்தல். பின்னதற்கு முதன்மையானவை, குழாயை நெடுநேரம் விரித்து வைத்திருக்கும் மருந்துகள். பின்னதில் ஸ்டீரொயிட்டை எல்லோருக்கும் கொடுப்பதில்லை; அது நியுமோனியாவுக்கு இடமளிக்கக்கூடும். 2007இல் வெளியான மூன்றாண்டு ஆய்வொன்றில், போலி மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்கும், ஸ்டீரொயிட் பெற்றவர்களுள் 18 பேருக்கும் நியுமோனியா ஏற்பட்டது.

ஆனால், இரு நோய்களும் ஒருங்கே உள்ளவரிடம் கணக்கு மாறிவிடுகிறது. 26,000 பேருக்கு மேற்பட்ட தொய்வு நோயாளரிடம் 28 வாரம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு சல்மெற்றரோல் என்னும் விரிப்பு மருந்தும் பெற்றவர்களுள் 13 பேர் தொய்வினால் இறந்தனர். போலி மருந்து பெற்றவர்களுள் இறந்தோர் மூவர். தொய்வு உள்ளவருக்கு ஸ்டீரொயிட்டின் துணையின்றி இவ்வகை மருந்தைக் கொடுத்தலாகாது என்பது இன்று விதி. எனவே, இரண்டும் உள்ளவரிடம் தொய்வுக்கே முதலிடம். முதலில் ஸ்டீரொயிட், அதனோடு விரிப்பு மருந்து ஒன்று, போதாதவிடத்து வேறு வகையான இன்னொன்று.

பெரியம்மாவின் “இல்லை” என்ற சொல்லை நம்பிய மருத்துவர், விரிப்பு மருந்து மட்டும் கொண்ட இன்ஹேலரை எழுதிக் கொடுத்தார். அவர்மீது குற்றம் கூற இடமில்லை. சில வாரங்களின் பின் ஒரு நள்ளிரவில், பேச ஒரு சொல்லும் எழாமல், கட்டிலின் விளிம்பைப் பற்றியபடி பெரியம்மா மூச்சுக்குப் போராடினார். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுதான் நான் உண்மையைச் சொன்னேன். மறைக்க அவருக்குக் காரணம் இருந்தது. படித்தவனாகிய எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அவர் பிழைத்தார். ஸ்டீரொயிட்டும் விரிப்பு மருந்தும் சேர்ந்த தூள் அடங்கிய கப்சியூல்களும், அவற்றை இட்டு உறிஞ்சும் கருவியும் தரப்பட்டன. இரண்டாம் நாள் பார்த்தபோது கப்சியூலைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். “குளிசைதானே தம்பி, விழுங்கத்தானே வேணும்?” என்றார். முறையைக் காட்டிக்கொடுத்த பின்னரும் தூளை விரைந்து, பலமாக உறிஞ்சும் வலு அவர் நெஞ்சுக்கு இருக்கவில்லை. ஆகவே, அமுக்கினால் மருந்து சீறும் இன்ஹேலரை இடைக்குழல் ஒன்றோடு பொருத்திக் கொடுத்தனர். அதனை மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். பின்னர் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மருந்து சரியாயினும் அது நெஞ்சை அடையாவிடின் பயன் என்ன?

இன்ஹேலரைத் தெரிவதில் மருத்துவரின் கல்விக்கு ஒரு பாதி உண்டு. மறுபாதி, நோயாளியும் வீட்டாரும் சொல்லும் உண்மையிலே தங்கியிருக்கிறது. வெட்கம் அந்த உண்மையை விழுங்கிவிடுமாயின், சிறந்த மருந்தும் நஞ்சாகலாம்.

பெரியம்மாவின் பேத்திக்கும் தொய்வு உண்டு. அண்மையில் அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. வீட்டார் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். உள்ளறையிலிருந்து பெரியம்மாவின் குரல் தெளிவாக வந்தது: “முதலே சொல்லிப்போடுங்கோ.”