ஆழம் மாறும் பள்ளம்

பிழைப்புக்கு நான் செய்வது இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது. கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறை. உருவம் பற்றி நண்பர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். அதில் எனக்குப் பிடிபடாதது எவ்வளவு என்று தெரியவந்தது அங்கேதான்.

பிளாஸ்டிக் குழாய் செய்யும் எக்ஸ்ட்ரூடருக்கு ஒரு ஸ்குரூ வரைய வேண்டியிருந்தது. விட்டம் 60 மில்லிமீட்டர். நீளம் அதைப்போல் 25 மடங்கு. சுற்றுக்கு 60 மில்லிமீட்டர் முன்னேறிப் போகும் பள்ளம். தொடக்கத்தில் ஆழம் 9 மில்லிமீட்டர். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசிப் பகுதியில் 3. குருணைகளாக விழும் பிளாஸ்டிக்கின் இடையில் காற்று இருக்கிறது. உருக உருக அது கொள்ளும் இடம் சுருங்கும். பள்ளமும் கூடவே குறைந்து அழுத்தினால்தான் காற்று வந்த வழியே திரும்பும்.

ஒரே ஆழமுள்ள பள்ளம் சுலபம். ஒரு சுருள்கோடு, அதன் முனையில் ஒரு செவ்வகம். செவ்வகத்தைக் கோட்டின் வழியே இழுத்தால் உருளை வெட்டுப்பட்டுவிடும். ஆழம் மாறுவதற்காக நடுவில் கூம்பின்மேல் ஏறும் சுருள் ஒன்றை வைத்தேன். முன்னும் பின்னும் உருளைச் சுருள்கள். மூன்று நாள் போராட்டம். கோட்டோடு செவ்வகமும் சாய்ந்ததில் சுவர்கள் சரிந்தன. சுருள்கள் சந்திக்கும் இடங்களில் மெல்லிய படிகள். அவற்றை மறைக்க ஒட்டுப் பரப்புகள் வைத்தேன். திரை பிழை எதையும் காட்டவில்லை. போதும் என்று தோன்றியது. என் கவிதைகளிலும் இப்படித்தான் பலமுறை தோன்றியிருக்கிறது.

பட்டறையின் பழைய டர்னர் காகிதத்தில் எடுத்த படத்தைப் பார்த்தார். விரலை அந்தச் சந்திப்பில் வைத்தார்.

“இங்க என்னங்க தம்பி, தடுக்குது?”

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஆழத்தை எதுக்குச் சுத்தோட சேத்தி முடி போடறீங்க? அது வேற, இது வேறங்க.”

லேத்துக்குக் கூட்டிப்போனார். ஜாப் சுற்றுகிறது, லீட் ஸ்குரூ கேரேஜை நகர்த்துகிறது, சுருள் வந்துவிடுகிறது. ஆழம் அதிலிருந்து வருவதில்லை. பின்னால் டேப்பர் அட்டாச்மெண்டில் சாய்வாக ஒரு பட்டை. அதன்படி கிராஸ் ஸ்லைடு தன்பாட்டுக்குப் பின்வாங்குகிறது. ஒன்றுக்கு இன்னொன்றைப் பற்றி எதுவும் தெரியாது.

திரும்பிவந்து நடுத்தண்டை மட்டும் வரைந்தேன்: 42 விட்டத்தில் உருளை, கூம்பு, 54 விட்டத்தில் உருளை. நெடுக்குவெட்டைச் சுழற்றினால் முடிந்தது. சந்திப்புகளை வளைவாக்கினேன். அதன்மேல் ஒரே சுருளில், 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு, நேராக நிற்கும் வரம்பு. அரைமணி நேரம். பள்ளத்தை நான் வெட்டவே இல்லை. வரம்பு எழும்பியபோது அது அங்கே இருந்தது.

அந்தப் படம் நேராகக் கம்ப்யூட்டர் மில்லிங்குக்குப் போயிற்று. இந்த மாதிரி வேலை பிறகு லேத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அதை எடைக்குப் போட்டார்கள். அவரும் நின்றுகொண்டார். படத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் என் பெயர், மற்றதில் முதலாளி பெயர்.

இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பின் ஏன் சொல்லிக்கொடுத்தார்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “வேலை சரியா வரணுமில்லீங்களா” என்று சொல்லியிருப்பார் என்று எழுதி முடிக்க ஆசையாக இருக்கிறது. அது நான் வைக்கும் இன்னொரு ஒட்டு.