பலகைத் தட்டு

வாப்பா மௌத்தாகி நான்காவது வருடம், கராஜில் கிடந்த எம்.ஜி.ஏ. காரின் படங்கை நீக்கினேன். பொனட்டும் கதவின் மேற்தகடும் அலுமினியம், தப்பியிருந்தன. கதவுக்குக் கீழிருந்த இரும்பையெல்லாம் கறல் தின்றிருந்தது. நாநாவுக்கு விற்றுவிடும் எண்ணம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வருவோர் போவோரிடமெல்லாம் வாப்பா ஒரே கதையைத்தான் சொல்வார். "இருபத்துநாலு மணித்தியாலம் நிக்காம ஓடின இனம் இது." (பெற்றோல் அடிக்க நிற்கத்தான் வேண்டும். அதை யார் அவரிடம் சொல்வது!) 1955 ஜூனில், பிரான்சின் லு மான் ஓட்டத்தில் ஓடியவை அலுமினிய உடல் கொண்ட மூன்று மாதிரிக் கார்கள். விற்பனைக் கார் செப்டெம்பரில்தான் வெளிவந்தது. மூன்றில் ஒன்று விபத்துக்குள்ளாகி, ஓட்டிய டிக் ஜேகப்ஸ் படுகாயமடைந்தார். மற்றவை 12ஆம், 17ஆம் இடங்களில் வந்து சேர்ந்தன. அதே ஓட்டத்தில்தான் ஒரு மேர்சிடிஸ் சனத்திரளுக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வாப்பாவின் கதையில் அந்த மையத்துகள் வந்ததேயில்லை.

எனக்குப் பதினேழு வயதிருக்கும். கூட்டாளிமார் காரைப் பார்க்க வந்தார்கள். காலடியில் இரும்புத் தகடில்லை, பலகை. "தகடு போடக் காசில்லாம வாப்பா பலகை அடிச்சிருக்கார்" என்று சிரித்தேன். பின்னால் அவர் நின்றிருந்தார்.

"அது வந்ததே அப்படித்தான் மகன்."

நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். அதன்பிறகு ஸ்பெனர் எடுத்துத்தர அவர் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது வேலை தொடங்கியதும் நான் முதலில் செய்தது அந்தப் பலகைகளைக் கழற்றி விறகுக் குவியலில் எறிந்ததுதான். தகடு வெட்ட டிங்கர் பாஸுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகே பழைய உதிரிப்பாகப் புத்தகமொன்று கைக்குக் கிடைத்தது. அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார்கள் வந்ததே ஒட்டுப்பலகைத் தட்டுடன்தான்.

விறகுக் குவியலுக்கு ஓடினேன். ஓட்டுநர் பக்கத் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது, மழையில் ஊதிப்போய். குதிகால் படும் இடத்தில் ஒரு பள்ளம். அதையே அளவாக வைத்து, கப்பலுக்குப் பாவிக்கும் ஒட்டுப்பலகையில் புதிய தட்டுகள் வெட்டுவித்தேன். ஆணித் துளைகள் சட்டத்தோடு சரியாகப் பொருந்தின. பழைய துண்டை உம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆசனங்களுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு. மூடியின் உட்புறம் சிவப்பு மையில் வாப்பாவின் எழுத்து: "+ பொடிக்கு".

எலெக்ட்ரீஷியன் தலையை ஆட்டினார். "இது பிழை சேர். மைனஸைத்தான் பொடிக்குக் குடுக்கணும்."

"அது வந்ததே அப்படித்தான்" என்றேன்.