வழிமறித்த கடிதம்

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வீடு திரும்பிய என்னிடம் என் மனைவி நீண்ட உறை ஒன்றைத் தந்தாள். பதிவுத் தபாலில் வந்திருந்த வக்கீல் நோட்டீஸ் அது. பத்து வரிகளைப் படித்து முடிப்பதற்குள் என் கை நடுங்கிற்று.

பம்பு செட்டு வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் பதினோர் ஆண்டுகள் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். கோயமுத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, அதற்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் பொருந்தும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊதியம் உயராமற்போகவே, முறைப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகி, அதே தொழிலிலுள்ள வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன்.

"விலகிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு இத்தொழிலில் ஈடுபடமாட்டேன் என்று நீர் கையெழுத்திட்டுள்ளீர். பதினைந்து நாட்களுக்குள் புதிய வேலையை விட்டு விலக வேண்டும். எம் நிறுவனத்தின் இரகசியங்களைக் கொண்டுசென்றமைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும்." நோட்டீசின் சாரம் இதுவே. கையெழுத்திட்டது உண்மைதான். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் முத்திரைத்தாளில் எழுதியிருந்ததை அன்று யார் படித்தார்கள்?

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அறிந்த தொழில் இது ஒன்றே. இரண்டு ஆண்டுகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அடுப்பு எப்படி எரியும்? "என்னங்க, நீங்கள் எதையும் திருடிக்கொண்டு வரவில்லையே, பின் ஏன் இப்படி அஞ்சுகிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. என் கண் அலமாரியின் பக்கம் போயிற்று.

மறுநாள் எங்கள் தெருவிலிருக்கும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். "தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இது வக்கீல் எழுதிய கடிதம், நீதிபதி எழுதிய தீர்ப்பன்று" என்றார். பிறகு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். சட்டத்திற்கு உட்பட்ட தொழிலையோ வணிகத்தையோ ஒருவன் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவிற்குச் செல்லாது என்பது அதன் பொருள். கடையை அதன் நற்பெயரோடு விற்றவன், வாங்கியவனுக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் கடை வைப்பதில்லை என ஒப்புக்கொள்வது அதற்கு விலக்கு.

வேலையில் இருக்கும் காலம் வேறு, விலகிய பின் வரும் காலம் வேறு என்பதையும் அவர் விளக்கினார். ஐந்து ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்ட ஒருவர், அக்காலம் முடியுமுன் போட்டி நிறுவனத்திற்குச் சென்றபோது, எஞ்சிய காலத்திற்கு விதித்த தடை செல்லும் என்று 1967-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தொடரும் தடை செல்லாது என்று, கிரிக்கெட் வீரர் ஜாகீர்கான் தொடர்பான வழக்கில் 2006-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அண்மையில், 2025-இல், மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற வங்கி ஒன்றின் நிபந்தனையை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே எல்லா நிபந்தனையும் வெற்றுக் காகிதம் என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது.)

என் நெஞ்சில் பால் வார்த்தாற்போலிருந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்: "அந்த நிறுவனத்தின் பொருள் ஏதேனும் உன்னிடம் இருக்கிறதா?"

நான் தலை குனிந்தேன். இருந்தது. முகவர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் கொடுக்கும் தள்ளுபடி விகிதங்களைக் குறித்த நீலநிற அட்டைப் புத்தகம். மேசையைக் காலி செய்தபோது என் பைக்குள் தானாக வந்ததென்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். தானாக வரவில்லை. புதிய இடத்து மேலாளர் அவ்விகிதங்களை ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்கவும் கூடும்.

"எந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்ற அறிவு உன் உழைப்பால் வந்தது, அதை எவரும் பறிக்க முடியாது. அந்தப் புத்தகம் அவர்களுடையது. சட்டம் உன் உழைப்பைக் காக்கும், உன் அலமாரியைக் காக்காது" என்றார் பெரியவர்.

பதிலை நானே எழுதிப் பார்த்தேன். பழைய முதலாளியின் கடுஞ்சொற்கள், தராமல் விட்ட பயணப்படி எல்லாம் மூன்று பக்கங்கள் நிறைந்தன. அவர் அவற்றையெல்லாம் அடித்துவிட்டு ஒரே பக்கமாக்கினார். சேர்ந்த தேதி, விலகிய தேதி. இரண்டாண்டுத் தடை 27-ஆம் பிரிவின்படி செல்லாது, ஆகவே என் வேலையைத் தொடர்வேன். என்னிடமிருந்த புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், படி எடுக்கவில்லை, எவரிடமும் கூறவுமில்லை. நட்டம் எதையும் காட்டாமல் கேட்ட ஐந்து இலட்சத்தை மறுக்கிறேன். அப்போது நடைமுறையிலிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி எனக்குரிய பணிக்கொடையைத் தரவேண்டுகிறேன். அவ்வளவே. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பினோம். நகல் ஒன்றைப் பத்திரப்படுத்தினோம்.

அன்றிரவு மனைவியிடம் புத்தகத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். நோட்டீசைப் படித்ததைவிட அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. புதிய மேலாளரிடமும், "ஐயா, அந்த விகிதங்களை என்னிடம் கேட்காதீர்கள்" என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கிற்று, வேலை போகவில்லை.

வழக்கு வரவில்லை. இரண்டு மாதங்களில் பணிக்கொடைக் காசோலை வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு திருமண வீட்டில் பழைய முதலாளியைச் சந்தித்தேன். விலகிச் செல்ல எண்ணினேன். அவரே அருகில் வந்து, "புத்தகம் வந்து சேர்ந்தது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டோம்.

வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைப் பெற்றோரே, கையெழுத்திடுமுன் படிக்கச் சொல்லுங்கள். விலகும்போது பையைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு எந்த உறை வந்தாலும் நடுக்கமின்றிப் பிரிக்கலாம்.