இரண்டாவது வரி

‘வராதவனுக்கும் சேத்து உலை வெச்சேன்’ என்ற வரி நான் எழுதியதில்லை. மேடையில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். அந்தப் பாட்டில் மற்ற வரிகள் எல்லாம் என்னுடையவை. அவை யாருக்கும் ஞாபகமில்லை.

எழுதியவன் மதுரையில் என்னோடு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் ஊரார் கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் வாசித்துவிட்டு, விடியற்காலையில் வேனில் திரும்பும்போது சொந்தமாகப் பாட்டுக் கட்டுவோம். அவன் மெட்டை முனகுவான், நான் நோட்டில் எழுதுவேன். ஒரு பல்லவிக்கு முதல் வரி போட்டுவிட்டு அடுத்ததற்கு நான் திணறியபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவன் அதைச் சொன்னான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை. அவன் அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போயிருந்த காலம் அது. அவன் அம்மா ஓர் ஆளுக்குச் சோறு கூடுதலாக வடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பங்கை நானே எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

சரணம் வரவில்லை. குழு கலைந்தது. அவன் ஏசி மெக்கானிக்காக சார்ஜாவுக்குப் போனான். நோட்டு என்னிடம் தங்கிவிட்டது.

முடியாமல் கிடந்ததை எடுத்து முடிப்பதில் தப்பே கிடையாது. எங்கள் தொழிலில் அது நாள்தோறும் நடப்பது. ஜான் லெனன் 1968-இல் ரிஷிகேஷ் போனதை ஒட்டி இயற்கையைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அது பீட்டில்ஸ் ஆல்பத்தில் ஏறவில்லை. 1971-இல் அதே மெட்டில் சொற்களை மாற்றிப் போட்டதுதான் ‘ஜெலஸ் கை’. ஒரு சின்னப் படத்துக்கு கம்போஸிங் போனபோது இந்தக் கதையைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதலனுக்காகக் காத்திருக்கும் பெண், மழை, இரவு. மூன்று நாளாக ஒன்றும் தோன்றவில்லை. நோட்டைத் திறந்தேன். சந்தம் பொருந்தியது. ‘வெச்சா’ என்று அவன் சொன்னதை ‘வெச்சேன்’ ஆக்கினேன், அம்மா போய்க் காதலி வந்துவிட்டாள். இயக்குநர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். வரி யாருடையது என்று அந்த நேரத்தில் எனக்குச் சரியாக நினைவில்லை என்று பிற்பாடு ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அது பொய். நோட்டில் அந்தப் பல்லவியில் அந்த வரி மட்டும் அவன் கையெழுத்தில், பச்சை மையில் இருக்கிறது.

லெனன் எடுத்தது தன் மெட்டைத்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் எனக்கே சங்கடமாகியிருக்கும். ‘யெஸ்டர்டே’ முழுக்க பால் மெக்கார்ட்னி எழுதியது. ஆனாலும் இருவருக்குள் இருந்த ஏற்பாட்டின்படி லெனன் பெயரும் அதில் சேர்ந்தே வருகிறது. 1975-இல் இறந்துபோன இந்தி இசையமைப்பாளர் மதன் மோகனின் பயன்படாத மெட்டுகளை அவர் மகன் எடுத்துக்கொடுக்க, ஜாவேத் அக்தர் புதிதாக வரிகள் எழுதினார். 2004-இல் ‘வீர்-ஸாரா’ படம் வந்தபோது இசை என்ற இடத்தில் மதன் மோகன் பெயர்தான் இருந்தது. செத்தவருக்கே அந்த மரியாதை கிடைத்தது. உயிரோடு இருக்கிறவன் பெயரை நான் விழுங்கிவிட்டேன்.

ஒரு பேட்டியில், “இந்த வரி எப்படிப் பிறந்தது?” என்று கேட்டார்கள். “எங்கம்மாகிட்ட இருந்து எடுத்தேன்” என்றேன். அரங்கமே கைதட்டியது. அன்று ராத்திரி ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். “நான் எப்படா அப்படி உலை வெச்சேன்? சோறு மிஞ்சினா நீதானே கத்துவ?” அவளுக்குச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

அவனும் பாட்டைக் கேட்டிருந்தான். வாட்ஸாப்பில் குரல் வந்தது. “மாப்ள, நம்ம பாட்டுடா! சரணம் அருமையா முடிச்சிட்ட.” கோபம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இல்லை. கடைசியில் ஒன்று கேட்டிருந்தான்: “அந்த வரி நான் சொன்னதுன்னு சொன்னா ரூம்ல பசங்க நம்ப மாட்டேங்குறானுக. நீ ஒரு வார்த்தை பேசி அனுப்பேன்.” கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். பேசி அனுப்பவில்லை. பதிவு செய்த குரல் நாளைக்கு யார் கையில் போகும் என்று கணக்குப் போட்டேன். இந்தப் பாட்டு விவகாரத்தில் நான் செய்ததிலேயே கேவலம் அந்தக் கணக்குதான். அவன் மறுபடி கேட்கவில்லை.

2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் எழுதியவருக்குரிய பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அதற்காகப் பாட்டைப் பதிவு செய்தபோது, வரிகள் எழுதியது யார் யார் என்று காட்ட இடம் இருந்தது. என் பெயரை மட்டும் போட்டேன். வருகிற தொகை பெரிது ஒன்றும் இல்லை, பாதியை அவனுக்குக் கொடுத்தாலும் என் வீட்டில் அடுப்பு எரியும். பணத்தாசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூட வழியில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்னை எதற்காகக் கூப்பிடுவார்கள் என்ற பயம்தான்.

பதிவைத் திருத்தவும், இரண்டு பெயரையும் போடச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதவும் கடிதங்களை அடித்து வைத்திருக்கிறேன். அவற்றை அனுப்புமுன் அவனிடம் பேச வேண்டும். அதே நோட்டில் பச்சை மையில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. போன வாரம் ஒரு புது மெட்டு வந்ததும் என் கை முதலில் அங்கேதான் போனது.