உபய நோட்டுல இருந்து பைத்தானுக்கு: ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழி

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. நம்ம கோயிலோட உபயக் கணக்கு இப்ப கணினியில ஏறிக்கிட்டு இருக்கு. "எக்செல் போதாதா? அது என்ன பைத்தான், அது என்ன அல்கெமி?"ன்னு புலனத்துல பல பேர் கேட்டீங்க. மத்த தோட்டக் கோயில் தம்பிங்களும் "எங்க இருந்து ஆரம்பிக்கிறது அண்ணே?"ன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறேன்.

முதல்ல, இது ஏன் தேவைப்பட்டது?

தோட்டம் இருந்த காலத்துல கணக்கு சுலபம். லயத்துல எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடு. முதல் நாள் வெட்டுக்காரர் உபயம், ரெண்டாம் நாள் ஸ்டோர்க்காரர் உபயம், மூணாம் நாள் ஒரு குடும்பத்து உபயம்னு போகும். கிராணி எழுதி வச்ச ஒரே நோட்டு. நோட்டைப் பார்க்காமலே யார் என்ன செய்யறாங்கன்னு ஊருக்கே தெரியும்.

இப்ப லயம் இல்லை. சுத்திலும் செம்பனை, நடுவுல அம்மன் மட்டும் இருக்கா. ஜனங்க ஜாசின், பெம்பான், மெர்லிமாவ், டுரியான் துங்கால்னு தாமான் வீடுகளுக்குப் போயாச்சு. இன்னும் கொஞ்சப் பேர் ஜொகூர் பாரு, சிங்கப்பூர். திருவிழாவுக்குத்தான் எல்லாரும் ஒண்ணு சேர்றோம். ஒரு நோட்டு நாலாச்சு: உபய நோட்டு, ரசீதுப் புத்தகம், அன்னதான நோட்டு, பொருளாளர் ஐயா போன்ல இருக்கிற நம்பருங்க. போதாததுக்கு ஒரு எக்செல் தாள்.

போன திருவிழாவுல ஒரு அக்கா பத்திரிகையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. "மூணாம் நாள் உபயம் எங்க தாத்தா ஆரம்பிச்சது. அவர் பேர் எங்க? எங்களை வெட்டி விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டு அழுதுட்டாங்க. யாரும் வேணும்னு வெட்டல. அவங்க அப்பா தவறின பிறகு, எக்செல்ல தாத்தா பேர் இருந்த கட்டத்துலயே அவங்க தம்பி பேரைத் தட்டியிருக்காங்க. ஒரே கட்டம்தான் இருந்துச்சு. புதுப் பேர் வந்ததும் பழைய பேர் போச்சு. அறுபது வருஷத்து உரிமை ஒரு கட்டத்துக்குள்ள காணாமப் போறது சின்ன விஷயமில்லைங்க.

அதுக்கப்புறம்தான் செயலவை முறையான தரவுத்தளம் வேணும்னு முடிவு பண்ணுச்சு.

தரவுத்தளம்னா பயப்படாதீங்க. 1970-ல ஐபிஎம்ல வேலை பார்த்த எட்கர் காட்ங்கிறவர் ஒரு கட்டுரை எழுதினார். அதுல இருந்து வந்த வழக்கத்தை எளிமையா சொன்னா இதுதான்: ஒரு விஷயத்தை ஒரே இடத்துல எழுது, மத்த இடத்துல அதோட எண்ணை மட்டும் குறி. குடும்பத்துக்கு ஒரு அட்டவணை, உபயத்துக்கு ஒரு அட்டவணை, ரசீதுக்கு ஒரு அட்டவணை. ரசீதுல குடும்பத்தோட பேரைத் திரும்பத் திரும்ப எழுதாம, அந்தக் குடும்பத்தோட எண்ணை மட்டும் வைக்கிறோம். போன் நம்பர் மாறினா ஒரு இடத்துல மாத்தினா போதும்.

நாங்க எடுத்த கருவி மூணு. மூணும் இலவசம்.

ஒண்ணு பைத்தான். பள்ளிப் பிள்ளைங்களே கத்துக்கிற நிரல்மொழி.

ரெண்டாவது எஸ்கியூஎல்லைட். ரிச்சர்ட் ஹிப் 2000-ல வெளியிட்டது. தனி சர்வர் வேண்டாம், மொத்தக் கணக்கும் ஒரே ஃபைல்ல அடங்கிடும். நீங்க வச்சிருக்கிற ஆண்ட்ராய்டு போன்ல புலனச் செய்தியெல்லாம் சேமிக்கிறதும் எஸ்கியூஎல்லைட்லதான்.

மூணாவது எஸ்கியூஎல் அல்கெமி. மைக் பேயர் எழுதி 2006-ல முதல்ல வெளிவந்தது. தரவுத்தளத்துக்குப் புரியற மொழி எஸ்கியூஎல், நாங்க எழுதறது பைத்தான். ரெண்டுக்கும் நடுவுல நின்னு பேசுற துபாஷி இந்த அல்கெமி. "குடும்பம்"னு பைத்தான்ல ஒரு கிளாஸ் எழுதினா அதுக்கு ஒரு அட்டவணை. ஒரு குடும்பத்தைக் கையில எடுத்தா அதோட ரசீதுங்களும் கூடவே வரும். அந்தத் தொடர்புக்கு ரிலேஷன்ஷிப்னே பேர்.

தம்பிங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரியில 2.0 பதிப்பு வந்து எழுதற முறையே நிறைய மாறிடுச்சு. யூடியூப்ல கிடைக்கிற பழைய பாடங்கள் பழைய முறையில இருக்கும். ரெண்டையும் கலந்தா தலை சுத்தும். அல்கெமியோட சொந்த ஆவணத்துல "யூனிஃபைட் டுடோரியல்"னு ஒரு பாடம் இருக்கு. அதை முதல் பக்கத்துல இருந்து ஒழுங்கா செஞ்சு பாருங்க. எஞ்சின் உருவாக்கும்போது "எக்கோ" வசதியைப் போட்டு வச்சுக்கோங்க. அல்கெமி தரவுத்தளத்துக்கிட்ட என்ன பேசுதுன்னு திரையிலேயே ஓடும். ரெண்டு வாரம் அதைப் பார்த்தாலே எஸ்கியூஎல்லும் பாதி புரிஞ்சிடும்.

ஆனா கணினியைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாங்க செஞ்ச வேலைதான் பெரிய வேலை. மூணு ஞாயித்துக்கிழமை, பூஜை முடிஞ்சு, பெரியவங்களை உட்கார வச்சுக் கேட்டோம். அட்டவணை எழுதணும்னா கருவி சில கேள்விக்குப் பதில் கேட்கும். அதுக்குப் பதில் எந்த டுடோரியல்லயும் கிடையாது.

முதல் கேள்வி: உபயக்காரர்னா யாரு, ஆளா குடும்பமா? ஒரு பெரியவர் பட்டுனு சொன்னார்: "ஆள் செத்துடுவான் தம்பி, குடும்பம் நிக்கும்." அதனால உபயம் குடும்பத்தோட எண்ணுல நிக்குது. "யார் ஆரம்பிச்சது", "இப்ப யார் பார்க்கிறாங்க"ன்னு ரெண்டு தனி இடம். முதல் இடத்துல இருக்கிற பேரை இனி யாரும் மாத்த முடியாத மாதிரி நிரல்ல தடுத்திருக்கோம். அந்த அக்காவோட தாத்தா பேர் இப்ப அங்கதான் இருக்கு. இந்த வருஷப் பத்திரிகையில ரெண்டு பேரும் வரும்.

ரெண்டாவது கேள்வி: ஒரு நாள் உபயம் ஒரே குடும்பத்துக்குத்தானா? ஆமான்னா, ஒரே வரி எழுதி ரெண்டாவது பதிவு வராம பூட்டிடலாம். ஆனா பெரியவங்க சிரிச்சாங்க. அண்ணன் தம்பி பிரிஞ்ச வீட்டுல ஆளுக்குப் பாதி செய்யறாங்களாம். அதுக்கு உபயத்தையும் குடும்பத்தையும் வருஷத்தையும் சேர்க்கிற ஒரு இணைப்பு அட்டவணை வேணும். முதல்லயே கேட்டதால இடிச்சுக் கட்ட வேண்டிய வேலை மிச்சம்.

இதையும் சொல்லிடுறேன்: அட்டவணை உருவாக்க "கிரியேட் ஆல்"னு ஒரு கட்டளை இருக்கு. இல்லாத அட்டவணையை உருவாக்கும். ஏற்கனவே இருக்கிற அட்டவணையில புதுசா ஒரு இடம் சேர்க்கணும்னா அது செய்யாது. அதுக்கு அலெம்பிக்னு தனிக் கருவி இருக்கு. அதையும் எழுதினது அதே மைக் பேயர்தான்.

மூணாவது கேள்வி: ஒரே ஆள்தான்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? பேர் சும்மா உதாரணத்துக்குச் சொல்றேன். சுப்பிரமணியம்ங்கிறவர் உபய நோட்டுல முழுப் பேர்ல இருப்பார், ரசீதுல "மணி", அன்னதான நோட்டுல "லோரி மணி", போன்ல "ஜாசின் மணி அண்ணே". எல்லாரும் சொன்ன சுலப வழி ஐ.சி. நம்பர். வேண்டாம்னு செயலவை முடிவு பண்ணுச்சு. அந்த 12 இலக்கத்துல முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த ரெண்டு பிறந்த இடம். மலாக்காவுக்கு 04. ஃபைல் தப்பான கைக்குப் போனா எத்தனை பேரோட விவரம் வெளியே போகும்! அதோட, தோட்டத்துப் பெரியவங்க சிலர் இன்னும் சிவப்பு ஐ.சி.யோட இருக்காங்க. சாமிக்குச் செய்யற இடத்துல அதை எடுத்துக் காட்டச் சொல்லிக் கூச்சப்பட வைக்கக் கூடாது. அதனால குடும்பத்துக்கு நாமளே ஒரு எண் கொடுக்கிறோம். பட்டப்பேருக்கு ஒரு தனி அட்டவணை. "லோரி மணி"ன்னு தேடினாலும் சரியான குடும்பம் வரும்.

இனி காசு விஷயம்.

கணக்கை வெள்ளியில வைக்காம காசுல வைக்கிறோம். 50 வெள்ளி 50 காசுன்னா 5050-ன்னு முழு எண். எஸ்கியூஎல்லைட்ல தசமக் கணக்குக்குன்னு துல்லியமான வகை கிடையாது. புள்ளி வச்சு எழுதினா கூட்டும்போது நுனியில பிசகலாம். கோயில் காசுல ஒரு காசும் பிசகக் கூடாது.

ரசீது எழுதறதும் கணக்குல ஏத்தறதும் ஒரே மூச்சுல நடக்கணும். அல்கெமியில செஷன்னு ஒண்ணைத் திறந்து, ரெண்டையும் சேர்த்து, கடைசியா "காமிட்" சொல்லணும். அதுக்கு முன்னாடி கரண்ட் போனாலோ தப்பு வந்தாலோ ரெண்டுமே பதிவாகாது. "காசு வாங்கியாச்சு, கணக்குல இல்லை"ங்கிற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொண்ணு நம்ம மலாக்காவுக்கே உரியது. உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்புல இருந்து அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிற நல்ல மனுஷர் உண்டு. டி'கோஸ்தா, டி'குரூஸ் மாதிரிப் பேர்ல நடுவுல ஒரு மேற்கோள் குறி வருதில்லையா, கையால எஸ்கியூஎல் ஒட்டி எழுதினா அந்தக் குறியே கட்டளையை உடைச்சிடும். கெட்ட எண்ணம் உள்ளவங்க அதே ஓட்டை வழியா கணக்கையே அழிக்கலாம். அல்கெமியோட செலக்ட், இன்செர்ட் முறையில எழுதினா கட்டளை தனியா, பேர் தனியாப் போகும். பிரச்சினை வராது.

முக்கியமான ஒரு கண்ணி. இல்லாத குடும்ப எண்ணுக்கு ரசீது போடக் கூடாதுன்னு நாம விதி எழுதினாலும், எஸ்கியூஎல்லைட் வழக்கமா அதைச் சோதிக்காது. ஒவ்வொரு இணைப்புலயும் "பிராக்மா ஃபாரின் கீஸ் ஆன்"னு சொன்னாத்தான் சோதிக்கும். அல்கெமி ஆவணத்துலயே அதுக்கு வழி கொடுத்திருக்காங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை மறக்காதீங்க.

சில பெரியவங்களுக்கு வருத்தம் இருக்கு. "கணினி வந்தா எங்க பேச்சுக்கு மதிப்பு இருக்காது"ன்னு. ஐயா, அம்மா, நேர்மாறா நடந்திருக்கு. உங்களைக் கேட்காம ஒரு அட்டவணைகூட எங்களால எழுத முடியல. உபயம் யாருக்குன்னு முடிவு பண்றது செயலவையும் குடும்பங்களும்தான். கருவி அந்த முடிவை மறக்காம வச்சிருக்கும், அவ்வளவுதான். பழைய நோட்டுங்களும் பத்திரமா இருக்கு. ஃபைலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு பென்டிரைவ்ல நகல் எடுக்கிறோம். ஒண்ணு கோயில் பெட்டியில, ஒண்ணு பொருளாளர் ஐயா வீட்டுல.

ஜாலான் துக்காங் எமாஸ்ல இருக்கிற பொய்யாத விநாயகர் கோயிலுக்கு நாம எல்லாரும் போயிருக்கோம். டச்சுக்காரர் காலத்துல, 1781-ல, மலாக்கா செட்டிகள் எழுப்பின கோயில். தைவநாயகம் செட்டியோட பேரை இன்னைக்கும் சொல்றாங்க. எழுதி வச்சதாலயும், தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டு வந்ததாலயும் அந்தப் பேர் நிக்குது. மரம் வெட்டின கையால ரெண்டு வெள்ளி, மூணு வெள்ளி சேர்த்து அம்மனுக்கு உபயம் செஞ்ச நம்ம தாத்தா பாட்டி பேரும் நிக்கணும்.

உங்க வீட்டுல பழைய ரசீது, பழைய திருவிழாப் பத்திரிகை, உபயத்தன்னைக்கு எடுத்த படம் எது இருந்தாலும் வர்ற ஞாயித்துக்கிழமை பூஜைக்குக் கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு உடனே திருப்பிக் கொடுத்துடுவோம். பட்டப்பேரையும் மறக்காம சொல்லுங்க, அதுதான் எங்களுக்கு ரொம்ப உதவி. பைத்தான் கத்துக்க ஆசைப்படுற பிள்ளைங்க மடிக்கணினியோட வாங்க. அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துல சேர்ந்து உட்காரலாம். வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் இதைப் பகிருங்க.