டெய்லர் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்?

திருப்பூரில் எந்தத் தெருவில் போனாலும் "டெய்லர் தேவை" என்று கம்பெனி வாசலில் போர்டு தொங்குகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையறதில்லை" என்று ஒரு முதலாளி மேடையிலேயே பேசினார். ஓவர்லாக் மிஷினிலேயே காலம் கழித்து, தீபாவளியோடு வேலையை முடித்துக்கொண்ட எனக்கு மனசு ஆறவில்லை. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து தாக்குப்பிடித்த ஊர் இது. இங்கே யாருக்கும் உடம்பு வளையாமல் இல்லை. குறை, தொழிலைப் பழக்குவதில்தான்.

டி-சர்ட்டுக்குக் கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டை, ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துச் சுற்றைவிட ரிப் குட்டை. ரிப்பை மட்டும் இழுக்க வேண்டும், சட்டையின் பாடி இழுபடக் கூடாது. ஒரு பக்கம் இழுவை கூடினால் கழுத்து கோணிக்கொள்ளும், குறைந்தால் அலையடிக்கும். தோள் ஜாயின்ட்டின் தடிப்பு வரும்போது மிதியைக் குறைக்க வேண்டும். லைக்ரா ரிப்புக்கு ஒரு இழுவை, காட்டனுக்கு வேறு. சாயம் மாறினால் அதுவும் மாறும். எனக்குப் பழக்கிவிட்ட அக்கா முதலில் கழுத்தை நாலாகப் பிரித்துச் சாக்பீஸில் குறி வைத்துக் கொடுத்தார். கை பழகியதும் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். என் கைமேல் கை வைத்து, "இழுக்காத கண்ணு, கூட்டிட்டுப் போ" என்பார். வேறு பாடம் கிடையாது.

இன்று வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு அக்கா கிடைப்பதில்லை. வந்த வாரமே லைனில் உட்கார்த்தி, எதிரே மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதிவிடுகிறார்கள். தோள் ஜாயின்ட் அடிக்க வந்தவள் வருஷக்கணக்கில் அதையே அடிக்கிறாள். தப்பாகி ஆல்டருக்குத் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரம் கணக்கில் வராது. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் மிஷினில் உட்கார்ந்தவரே இல்லை. காலை 8.30-க்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி ஆகிவிடும், குழந்தை தூங்கியிருக்கும். கான்ட்ராக்ட்டில் பல இடங்களில் பி.எப். கொடுப்பதில்லை. ஆர்டர் இல்லாத வாரம் கூலியும் கிடையாது. இத்தனையும் பட்டு, தொழிலும் கைக்கு வரவில்லை என்றால் எதற்கு இருப்பாள்?

பிள்ளைகள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ரிப்பை இஷ்டத்துக்கு இழுத்து அடித்துவிட்டு, அயர்னில் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு துவைப்பில் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டார்கெட்தான் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

முதலாளிமாரே, புதிதாக வருபவளை ஒரு மாதம் டார்கெட் இல்லாமல் பழைய டெய்லர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவருக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.