பேலாவும் சமேலியும்

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கு அடுத்த வாரம். கடைசி இயலைத் திருத்தியிருக்க வேண்டிய ஒரு மாலையில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அத்தர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"மல்லி அத்தர் உண்டா?" என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். மலையாளத்தில் மல்லி என்றால் கொத்தமல்லிதான். நான் கேட்க வேண்டியது 'முல்ல'. தமிழில் முல்லையோ வேறொரு கொடி. அவர் எடுத்துத் தந்த குப்பியில் இருந்ததோ 'பேலா' என்ற இந்திப் பெயர். அதனருகில் 'சமேலி': எங்கள் தோவாளைச் சந்தையில் பிச்சி, மதுரையில் ஜாதிமல்லி. மொழியியல் படித்தவள் மூக்கை நம்பி இரண்டையும் வாங்கினேன்.

ஒரு வாரம் மாறி மாறிப் பூசிப் பார்த்தேன். பேலா, அதாவது குண்டுமல்லி, பசுமை கலந்த மென்மணம். சீனர்கள் தேயிலைக்கு மணமூட்டுவது இம்மலரால்தான். நூலகத்தில் அடுத்த இருக்கையில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதில்லை. நாள்தோறும் பூச ஏற்றது. சமேலியில் கனிந்த பழத்தின் இனிமை உண்டு. பருத்திப் புடவையில் மாலைவரை தங்குகிறது. மேடைக்கு அதுவே பொருந்தும். ஆனால் ஒரு துளி போதும். மல்லிகை மணத்தில் உள்ள இண்டோல் என்னும் சேர்மம் சிறிதளவில் மலராக மணக்கும். மிகுந்தால் முகம் சுளிக்க வைக்கும்.

இவ்வளவு கணக்குக்கும் காரணம் உண்டு. முதுகலை நாட்களில் ஒரு கருத்தரங்குக்குப் பிச்சிச் சரம் சூடிச் சென்றேன். "கல்யாண வீட்டிலிருந்து நேரே வருகிறீர்களா?" என்றார் ஒருவர். அவையே சிரித்தது, நானும் சிரித்தேன். சரத்தைத் தொடுத்துத் தந்தவள் அம்மா. அதன்பின் எந்த மேடைக்கும் நான் பூ வைத்துச் சென்றதில்லை.

இப்போது யோசிக்கிறேன். அதே பிச்சியைக் குப்பியில் அடைத்து மணிக்கட்டில் ஒரு துளி தொட்டால் அது 'முறையான' மணம்; நாரில் தொடுத்துத் தலையில் வைத்தால் மட்டும் ஏன் நகைப்பு? மலர் ஒன்றே, கண்ணுக்குத் தெரிவதுதான் சிக்கல் போலும். வட்டார வழக்கைத் தரவாக மட்டும் மேடையேற்றிவிட்டு, எங்கள் பேச்சை வீட்டிலேயே விட்டு வருகிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

அடுத்த வாரம் சமேலி ஒரு துளி. அவ்வளவு துணிவுதான் இன்று கைவசம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வு நாளில் தோவாளையிலிருந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்து, அம்மா வருவாள். வெறுங்கையோடு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.